எயின்ஹெர்யர்: நாற்பது பேர் எழுந்தாயிற்று, சரிவில் கிடப்பவர்கள் பாக்கி

வல்ஹல்லா, நார்ஸ் புராணத்தில் ஓடின் கடவுளின் மண்டபம். அங்கே தினமும் ஒருவரையொருவர் வெட்டி விழுந்து, மறுபடி எழும் வீரர்கள்தான் எயின்ஹெர்யர். அவர்களை வைத்து ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். விழ வைக்க ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. எழுந்து நிற்க வைக்க மூன்று வாரம். நேற்று ராத்திரிதான் நாற்பது எயின்ஹெர்யரும் ஒருவர் கை இன்னொருவர் விலாவுக்குள் போகாமல், கழுத்து திருகிக்கொள்ளாமல் எழுந்து, கோடரியைப் பொறுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள். கோடாட் 4.4 விளையாட்டு எஞ்சின், ஜோல்ட் இயற்பியல் எஞ்சின், சாதாரண மடிக்கணினி. எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்போது விநாடிக்கு 60 ஃப்ரேம் 52க்கு இறங்குகிறது. போகட்டும்.

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். 'கிரிம்னிஸ்மால்' என்ற பழைய நார்ஸ் பாட்டின் கணக்கில் வல்ஹல்லாவுக்கு 540 வாசல், ஓநாயோடு போருக்குப் புறப்படும் நாளில் வாசலுக்கு 800 பேர். பெருக்கினால் 4,32,000. பழைய நார்ஸ் மொழியில் 'நூறு' என்றால் பல இடங்களில் 120. அந்தக் கணக்கில் 640 வாசல், 960 பேர், ஆக 6,14,400. எந்தக் கணக்கும் இந்த கிராபிக்ஸ் அட்டைக்குத் தாங்காது. ஆகவே ஒரே ஒரு வாசல், 800 பேர். அதில் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் 40 பேருக்கு மட்டும் நிஜமான ராக்டால், அதாவது இயற்பியல் விதிப்படி துவண்டு விழும் உடல். மீதி 760 பேர் மல்டிமெஷ் (ஒரே உருவத்தின் பல நகல்கள்), அசைவை முன்கூட்டியே டெக்ஸ்சரில் பதித்து வைத்தது. தூரத்தில் விழுவதும் எழுவதும் யாருக்கும் சரியாகத் தெரியப்போவதில்லை.

அந்தி வெளிச்சம் வைத்து ஆரம்பித்தது தப்பு. ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி இந்தக் கதைகளைத் தொகுத்த நூலின் 'கில்வகின்னிங்' பகுதியில் அவர்கள் வீடு திரும்புவது 'தோகுர்தர்மால்' நெருங்கும்போது. அது காலை ஒன்பது மணி வாக்கில் வரும் சாப்பாட்டு வேளை. சாயங்காலம் மறுபடி முழுசாவது அவர்களுக்குத் தினமும் சமைக்கப்படும் சேஹ்ரிம்னிர் பன்றிதான். விடியலில் ஆயுதம் தரித்து, ஒன்பதுக்குள் செத்து, எழுந்து, குடிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆரஞ்சு வானத்தை எடுத்துவிட்டுச் சூரியனை 20 டிகிரி உயரத்தில் வெள்ளையாக வைத்தாயிற்று.

இன்னொன்றும் அதே பத்தியில் இருக்கிறது. 'ஒருவரையொருவர் வீழ்த்துகிறார்கள்' என்கிறார் ஸ்னோரி. அதைத் தொடர்ந்தே 'வல்ஹல்லாவுக்குக் குதிரையில் திரும்புகிறார்கள்' என்கிறார். நடுவில் எழுந்ததைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எழுதுகிறவருக்கு அந்த வசதி உண்டு. விளையாட்டுகளும் பலவிதமாக நழுவிவிடுகின்றன. வால்ஹைமில் (2021) செத்த இடத்தில் கல்லறைக் கல் முளைக்கும், நீங்கள் படுக்கையில் கண் விழிப்பீர்கள். டூ ஹியூமனில் (2008) ஒவ்வொரு சாவுக்கும் வால்கிரி (செத்த வீரர்களை அழைத்துப்போகும் தேவதை) மெதுவாக இறங்கி வந்து தூக்கிப்போவாள். அதைத் தாண்டிப் போகவும் முடியாது, திட்டாதவர் இல்லை. ஸ்கைரிமில் டிராகர் என்ற உயிர்த்த பிணம் எழுந்துதான் வரும், ஆனால் கல்பெட்டிக்குள் எப்படிப் படுத்திருக்கிறது என்பது முன்பே தெரிந்த விஷயம். ஒரே அனிமேஷனில் முடிந்துவிடும். எப்படி விழுந்தான் என்று தெரியாத ஒருவனை எழுப்புவதுதான் வேலை.

ராக்டால் பக்கம் சுருக்கமாக: கோடாட் தானாக உண்டாக்கித் தரும் எலும்புகளில் விரல், பாதம், கழுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு 11 மட்டும் வைத்திருக்கிறேன். எடை இடுப்பு 14 கிலோ, மார்பு 25, தலை 6, தொடை 9, கெண்டைக்கால் 4, மேற்கை 2.5, முன்கை 2. மொத்தம் 80. பக்கத்துப் பக்கத்து எலும்புகளுக்குள் எடை வித்தியாசம் பெரிதானால் மூட்டு நடுங்கும். முன்கை அரை கிலோவாக இருந்தபோது செத்தவன் கை ஓயாமல் உதறிக்கொண்டே கிடந்தது. முழங்கால் கீல் 0 முதல் 130 டிகிரி, முழங்கை 0 முதல் 140.

இனி எழுப்புதல். இடுப்பின் வேகம் தொடர்ந்து அரை நொடி, விநாடிக்கு 0.05 மீட்டருக்குக் கீழே இருந்தால்தான் ஆரம்பிக்க வேண்டும். அடுத்து மல்லாந்தா குப்புறவா என்று பார்க்க வேண்டும்: இடுப்பு எலும்பின் முன்திசை வானத்தைப் பார்த்தால் மல்லாந்து, தரையைப் பார்த்தால் குப்புற. இதில் பொறி இருக்கிறது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளிலிருந்து வரும் எலும்பில் Y அச்சு எலும்பின் நீளத்தோடு ஓடும், Z எந்தப் பக்கம் என்பது ரோலை, அதாவது எலும்பு தன் நீளத்தைச் சுற்றித் திரும்பியிருக்கும் அளவை, பொறுத்தது. அச்சை நேராகப் படிக்காமல், எலும்பின் தற்போதைய நிலையை ஓய்வு நிலையின் தலைகீழால் பெருக்கிவிட்டுப் படித்தால் எந்த ரிக் (எலும்பு அமைப்பு) ஆக இருந்தாலும் சரியாக வரும்.

அதற்கப்புறம்தான் ஒரு 180 டிகிரி சிக்கல். ஒரு வாரம் தின்றது இதுதான். எழும் அனிமேஷன் தொடங்கும் முன் பாத்திரத்தின் வேர் கணுவை (முழு உருவத்தையும் தாங்கும் மேல்மட்டப் புள்ளி) இடுப்புக்கு நேர் கீழே தரையில் கொண்டுவந்து திசையைத் திருப்ப வேண்டும். இடுப்பிலிருந்து தலைக்கு ஒரு கோடு, அதைத் தரைமட்டத்துக்குத் தட்டையாக்கினால் திசை கிடைக்கும். குப்புறக் கிடப்பவன் தலை இருக்கும் பக்கம் பார்த்து எழுவான். மல்லாந்து கிடப்பவன் கால் இருக்கும் பக்கம் பார்த்து எழுவான். ஒன்றுக்குக் கோட்டை அப்படியே, மற்றதற்கு எதிர்மறையாக. இரண்டுக்கும் ஒரே கோட்டைக் கொடுத்தால் மல்லாந்தவர்கள் எல்லாம் முதல் 0.4 நொடியில் தரையிலேயே பம்பரம் சுற்றிவிட்டு எழுவார்கள். கிடக்கும் நிலையிலிருந்து அனிமேஷனுக்கு மெல்ல மாறும் கலவை நேரத்தைக் கூட்டினால் மெதுவாகச் சுற்றுவார்கள், அவ்வளவுதான். கலவைக் குறியீட்டில் பிழை என்று அங்கேயே தோண்டிக்கொண்டிருந்தால் கிடைக்காது, பிழை அதற்கு முந்திய படியில் இருக்கிறது.

வேரை நகர்த்தினால் எலும்புக்கூடும் கூடவே நகரும். எனவே வரிசை முக்கியம்: எல்லா எலும்பின் உலக நிலையையும் முதலில் சேமி, பிறகு வேரை நகர்த்து, சேமித்ததைப் புதிய வேரின் கணக்குக்கு மாற்று, பிறகு இயற்பியலை நிறுத்து, பிறகு கல. இடுப்புக்கு மட்டும் இடமும் சுழற்சியும், மற்ற எலும்புகளுக்குச் சுழற்சி மட்டும். ஸ்லெர்ப் (ஒரு சுழற்சியிலிருந்து இன்னொன்றுக்குச் சீராக நகர்த்தும் கணக்கு) போடும்போது குறுகிய பாதையில் போகும் வகையைப் பாருங்கள். கோடாட்டில் பெயர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் இன்னொன்று உண்டு, அதைப் போட்டால் முன்கை காற்றாடி ஆகும்.

4.3க்கு அப்புறம் மாறிய ஒரு விஷயம், பழைய பாடங்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் கட்டாயம் மாட்டுவார்கள். ராக்டால் இப்போது எலும்புக்கூட்டை மாற்றியமைக்கும் 'மாடிஃபயர்' வகையில் சேர்ந்துவிட்டது. அது தரும் நிலை அந்தச் சுற்றுக்குள் மட்டும்தான் இருக்கும். வழக்கமான இடத்தில் எலும்பு நிலையைக் கேட்டால் கீழே கிடக்கும் உடலைச் சொல்லாமல், நிற்கும் அனிமேஷனைச் சொல்லும். வீரன் விழுந்த இடத்திலிருந்து ஒரே ஃப்ரேமில் நின்றுவிடுகிறான் என்றால் காரணம் இதுதான். எலும்புக்கூட்டை விட்டுவிட்டு இயற்பியல் எலும்பையே நேராகப் படித்து, அதன் உடல் விலகலின் (body_offset) தலைகீழால் பெருக்கினால் தீர்ந்தது. கலக்கும் வேலையையும் தனி மாடிஃபயராக எழுதி, ராக்டாலுக்குக் கீழே வைக்க வேண்டும்.

ஒருக்களித்துக் கிடப்பவர்களுக்குத் தனி அனிமேஷன் தேடவில்லை. முன்திசையின் உயரக் கூறு கூட்டல் கழித்தல் 0.3க்குள் இருந்தால் இடுப்பில் சிறிய முறுக்குவிசை கொடுத்துக் குப்புறத் தள்ளிவிடுகிறேன். தூக்கத்தில் புரண்டு படுப்பது போல இருக்கிறது, தற்செயலாக அழகாக அமைந்துவிட்டது.

குவியல்தான் அடுத்த தொல்லை. ஒருவன்மேல் ஒருவன் கிடக்கும்போது கீழே இருப்பவன் முதலில் எழுந்தால் மேலே இருப்பவனின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வருவான். இடுப்பு உயரத்தின்படி வரிசைப்படுத்தி, மேலே இருப்பவனை முதலில் எழுப்பி, அடுக்குக்கு 0.6 நொடி தாமதம். தரையைத் தேடும் கதிர் தரையை மட்டும்தான் தொட வேண்டும், கதிர் எதையெல்லாம் தொடலாம் என்று சொல்லும் மோதல் முகமூடியிலிருந்து உடல்களை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆள் பிணத்தின்மேல் எழுந்து நின்று, அது எழுந்து போனதும் அந்தரத்தில் நிற்பான்.

ஆயுதங்களுக்கு வழி காட்டியது ஸ்னோரியேதான். எழுப்புவதைப் பற்றி அவர் வெளிப்படையாகச் சொல்லும் இடம் வேறு கதையில், அதே நூலின் 'ஸ்கால்ட்ஸ்காபர்மால்' பகுதியில் இருக்கிறது. ஹோக்னியும் ஹெதினும் ஓர்க்னித் தீவுகளில் ஒன்றான ஹோயில் மோதுகிறார்கள். இரவில் ஹோக்னியின் மகள் ஹில்ட் மந்திரத்தால் செத்தவர்களை எழுப்புகிறாள். விழுந்த ஆட்களும் சிதறிய ஆயுதங்களும் கேடயங்களும் கல்லாகிவிடும், விடிந்ததும் எல்லாம் மறுபடி சண்டைக்குத் தயார். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கோடரியோ கேடயமோ ஓய்ந்ததும் நிலையான உடலாக உறைந்துவிடும், கல் நிறத்துக்கு மாறும், எழும் நேரத்தில் திரும்பும். உறைய வைப்பதற்கு முன் சண்டை நடுவில் 34 ஃப்ரேம், பிறகு 58. கதையிலேயே இருக்கிற உகப்பாக்கம் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

பொருள் வாங்கிய கதை: எழும் அனிமேஷன்கள் மிக்ஸாமோ தளத்தில் இலவசம், மல்லாந்தும் குப்புறவும் இரண்டு விதமும் கிடைக்கிறது. தரவிறக்கும்போது முதல் ஃப்ரேமில் ஆள் நிஜமாகவே தரையில் படுத்திருக்கிறானா என்று பாருங்கள். சிலது ஏற்கெனவே முழங்கையை ஊன்றியபடி தொடங்கும், கலவை அசிங்கமாகத் தெரியும். காசு கொடுத்து வாங்கும் 'வைக்கிங் தொகுப்பு' எதைத் திறந்தாலும் கொம்பு வைத்த தலைக்கவசம். கொம்பை வெட்டி எறிந்துவிட்டு 1943இல் நார்வேயின் கெர்முண்ட்புவில் கிடைத்த கவசத்தைப் பார்த்து நானே செய்தேன்: உருண்டை மண்டை, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு தகடு. கேடயத்துக்கு மாதிரி 1880இல் தோண்டிய கோக்ஸ்டாட் வைக்கிங் கப்பல். பக்கத்துக்கு 32 என 64 கேடயம், மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி, விட்டம் 94 செ.மீ. அளவில். இரண்டே மெட்டீரியல், வேலை மிச்சம்.

அடுத்து மேசைக் காட்சி. கிரிம்னிஸ்மாலில் மது பரிமாறும் வால்கிரிகள் 13 பேர், ஹிரிஸ்டும் மிஸ்டும் ஓடினுக்குக் கொம்பு கொண்டுவருபவர்கள். பதின்மூன்று பேருக்கும் நடைபாதை போட்டாயிற்று, ஹெய்த்ரூன் ஆட்டைக் கூரைமேல் ஏற்றியும்விட்டேன், அது லேராத் மரத்தின் இலையைத் தின்னாமல் கிளைக்குள் தலையைவிட்டு நிற்கிறது. ஃப்ரெய்யா தேவியின் ஃபோல்க்வாங் வெளியையும் யோசிக்க வேண்டும். விழுந்தவர்களில் பாதி அவளுக்கு என்று அதே பாட்டு சொல்கிறது, முற்றத்தின் அந்தப் பாதியை யாரும் விளையாட்டில் காட்டிப் பார்த்த நினைவில்லை.

அதற்கெல்லாம் முன்னால் சரிவு. தட்டைத் தரையில் எடுத்த அனிமேஷன் மேட்டில் ஓடும்போது ஒரு பாதம் மண்ணுக்குள், ஒன்று காற்றில். வேரை முதல் பாதி நேரம் தரையின் செங்குத்துக்குச் சாய்த்து, பிற்பாதியில் மெல்ல நிமிர்த்துவது 10 டிகிரி வரை ஒத்துவருகிறது. 15ஐத் தாண்டினால் நிமிரும்போது எல்லோரும் குடித்தவர்கள் மாதிரி தள்ளாடுகிறார்கள், குடிக்கப் போவதற்கு முன்னாலேயே. பாதத்துக்கு ஐகே (பாதம் தரையில் படியும்படி கால் மூட்டுகளை வளைக்கும் கணக்கு) போட்டுப் பார்க்க வேண்டும், அதுவரை முற்றத்தின் மேற்கு மூலையைத் தட்டையாக்கி வைத்திருக்கிறேன்.