தலையணையில் வந்த பிள்ளை

மாங்குளத்தில் பஸ் ஏறிய தாய், பிள்ளையைத் தலையணையோடு தூக்கி வந்தார். உதவப் போன நடத்துநரைத் தடுத்தார்.

“அக்குளில் பிடித்துத் தூக்க வேண்டாம், தம்பி. எலும்பு முறிந்துவிடும்.”

தலைக்குக் கீழே ஒரு கை, பிட்டத்துக்குக் கீழே மறுகை. விரல்களை அகல விரித்துத்தான் மடிக்கு மாற்றினார். சிரித்த பிள்ளையின் கண்வெள்ளை நீலமாக இருந்தது.

எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய், ‘ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா’. எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் மரபணுவில் பிழை. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்று.

புது எலும்பு வளர்க்க, எலும்பின் கனிமத்தை ஒத்த பீங்கானில் நுண்துளைச் சாரம் (கலங்கள் பற்றி வளரும் தாங்கி) செய்து, நோயாளியின் என்புமச்சைக் கலங்களை அதில் விதைக்கலாம். ஆனால் அந்தக் கலங்களிலும் அதே பிழைதானே! 2004இல் ஆய்வாளர்கள் பழுதான மரபணுவை முடக்கி, அந்தக் கலங்களை எலிகளில் வைத்தார்கள். எலும்பு உருவானது.

சாரம் வைத்த இடம் மட்டும்தான் சரியாகும். இந்தப் பிள்ளைக்கோ உடம்பு முழுவதும் அதே எலும்பு. ‘அற்புத சிகிச்சை’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஒட்டுசுட்டான் வரை, பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் தலையணையை மடியிலிருந்து சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.