கூரியர் கிளையில் கரைந்த ட்ரை ஐஸும் எங்கள் சுண்டெலி மாதிரிகளும்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு சுண்டெலித் திசுக்களில் மரபணு வெளிப்பாடு (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று) பார்க்க நினைக்கிற ஆட்களுக்காக எழுதுகிறேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நெறிமுறைக் குழு அனுமதி, கொழும்பில் எலிகளுக்கு எல்பிஎஸ் (நோயெதிர்ப்பைக் கிளப்பும் பக்டீரியாச் சுவர்ப் பொருள்) ஊசி, கல்லீரலும் மண்ணீரலும் எடுத்து உறைய வைத்தது எல்லாம் ஒழுங்காக நடந்தன. பெட்டியை எடுக்கப் போன கூரியர் கிளையில்தான் எல்லாம் கெட்டது. "தங்கச்சி, இதில மிருக உறுப்பு எண்டு போட்டிருக்கு. மிருக வைத்தியற்ற கடிதம் இல்லாமல் தரேலாது" என்றார் அங்கிருந்தவர். ட்ரை ஐஸ் கரைந்துவிடும் என்று கெஞ்சினேன், அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் போயா.

செவ்வாய் ரெஜிபோம் பெட்டியைத் திறந்தால் ட்ரை ஐஸ் ஒரு துண்டும் இல்லை. மண்ணீரல் குழாய்க்குள் கூழாகக் கிடந்தது. ஆர்என்ஏ (மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகல்) சிதையவில்லை என்று காட்டும் 28எஸ், 18எஸ் கோடுகள் ஜெல்லில் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் புகைமூட்டம். கல்லீரலில் மட்டும் கோடுகள் மங்கலாக மிஞ்சியிருந்தன.

மிஞ்சியதை வைத்துச் செய்யலாமே என்று சிலர் சொன்னார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரே நோயெதிர்ப்புச் சமிக்ஞைக்கு இரண்டு திசுக்களும் எப்படி வேறுபட்டுப் பதில் சொல்கின்றன என்பதுதான் எங்கள் கேள்வி. மண்ணீரலில் ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகள் அதிகம். ஒரு திசு முந்தி அழுகினால், ஒரு மரபணு அங்கே அடங்கியிருந்ததா, ஆர்என்ஏ சிதைந்துபோனதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த முறை உறைய வைக்கவில்லை. திசு பச்சையாக இருக்கும்போதே ஆர்என்ஏவைச் சிதையாமல் காக்கும் ஆர்என்ஏலேட்டர் திரவத்தில் போட்டோம். 25 பாகையில் ஒரு வாரம், 4 பாகையில் ஒரு மாதம் தாங்கும். துண்டு அரை சென்ரிமீற்றரை விடத் தடிப்பாக இருந்தால் திரவம் நடுவுக்குப் போய்ச் சேராது, கவனம். கூரியரை நம்பாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். முறிகண்டியில் எல்லாரும் கும்பிட்டுக் கச்சான் வாங்க இறங்க, நான் பெட்டியோடு சீட்டை விட்டு அசையவில்லை.

இந்த முறை கோடுகள் இரண்டும் பளிச்சென்று வந்தன. கல்லீரலில் இன்டர்லியூகின்-6 என்ற சமிக்ஞைப் புரதம், மரபணுக்களை இயக்கும் எஸ்டிஏடி3 புரதத்தைத் தூண்ட, பிசிஆர் (மரபணு நகல்களைப் பெருக்கி அளக்கும் முறை) திரையில் எஸ்ஏஏ1 மரபணுவின் வளைவு ஊசி போடாத எலியை விட எவ்வளவோ சுழற்சி முந்தி எழும்பியது. ஒவ்வொரு சுழற்சியிலும் நகல் இரட்டிப்பதால், பத்துச் சுழற்சி முந்தினாலே ஆயிரம் மடங்கு. மண்ணீரலில் அது பெரிதாக அசையவில்லை. இன்டர்ஃபெரோன் என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் தூண்டும் ஐஎஸ்ஜி15 மரபணு மட்டும் இரண்டு திசுக்களிலும் ஏறியது. அந்தத் திரையைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று. எல்பிஎஸ் கொடுத்தபின் திசுவுக்குள் நோயெதிர்ப்புக் கலங்கள் வந்து போகும். ஒரு மரபணு ஏறினால் அது சமிக்ஞையாலா, கலங்களின் விகிதம் மாறியதாலா என்று பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள். அப்புறம், பெட்டியின் மேல் 'மிருக உறுப்பு' என்று மட்டும் எழுதி அனுப்ப விடாதீர்கள். 'ஆய்வு மாதிரி, தொற்று அற்றது' என்பதையும் சேர்த்து, துறைத் தலைவரின் கடிதத்தையும் நெறிமுறை அனுமதியின் பிரதியையும் வெளியே ஒட்டச் சொல்லுங்கள்.