சைக்ளிக்டெஸ்ட் மறைக்கும் தாமதம்

ரியல்டைம் வேலைக்கு (குறித்த நேரத்துக்குள் முடிந்தே ஆக வேண்டிய வேலை) லினக்ஸ் சர்வரைத் தயார்செய்யும்போது சராசரித் தாமதத்தைப் பார்த்துப் பயனில்லை. பத்து லட்சம் முறை சரியாக ஓடி ஒரே முறை 2 மில்லிசெகண்ட் தாமதித்தாலும் போச்சு. அதனால்தான், குறித்த நேரத்தில் விழித்தெழ எவ்வளவு தாமதமாகிறது என்று அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் கருவியை ஓட்டி ‘மேக்ஸ்’ (அதிகபட்சத் தாமதம்) எண்ணைப் பார்க்கிறோம். ஆனால் அந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

சைக்ளிக்டெஸ்ட் தொடங்கியதுமே டெவ் அடைவிலுள்ள சிபியூ-டிஎம்ஏ-லேட்டன்சி கோப்பைத் திறந்து பூஜ்யம் எழுதிவிடும். ப்ராசசர் கோர்கள் ஆழமான சி-ஸ்டேட்டில் (மின்சாரத்தை மிச்சப்படுத்தும் உறக்கநிலை) தூங்கப் போகாமல் தடுக்கும் வழி அது. சோதனையில் 10 மைக்ரோசெகண்ட் என்று அழகாக வரும். சோதனை முடிந்ததும் தடை விலகிவிடும். உங்கள் நிரல் ஓடும்போது கோர் தூங்கும். சில ப்ராசசர்களில் அது எழுந்து வரவே நூறு மைக்ரோசெகண்டைத் தாண்டிவிடும். ‘லேப்டாப்’ ஆப்ஷனோடு ஓட்டினால் சைக்ளிக்டெஸ்ட் அந்தக் கோப்பைத் தொடாது. உண்மை நிலவரம் தெரியும்.

தீர்வு, நிரலே அந்தக் கோப்பில் 32 பிட் பூஜ்யம் எழுதி, கடைசிவரை மூடாமல் வைத்திருப்பது. ஷெல்லில் ‘எக்கோ’ போடுவது வீண்: எக்கோ முடிந்ததும் கோப்பு மூடும், தடையும் கூடவே போகும்.

அடுத்த பொறி ஐசோல்சிபியூஸ், அதாவது சில கோர்களை மற்ற வேலைகளிலிருந்து ஒதுக்கிவைக்கும் கெர்னல் ஆப்ஷன். 4 முதல் 7 வரை கோர்களை ஒதுக்கி, நிரல் எந்தக் கோர்களில் ஓடலாம் என்று சொல்லும் டாஸ்க்செட் கட்டளையில் அதே வரம்பைக் கொடுத்து நான்கு த்ரெட் (நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) கிளப்பினால் நான்கும் ஒரே கோரில் நெரிந்து கிடக்கும். எந்த த்ரெட் எங்கே ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர், ஒதுக்கிய கோர்களுக்குள் சுமையைப் பகிராது. ஒவ்வொரு த்ரெடையும் தனித்தனி கோரில் கட்ட வேண்டும். நோஹெர்ட்ஸ்-ஃபுல் என்ற கெர்னல் ஆப்ஷன் கூட, கோரில் ஒரே ஒரு த்ரெட் ஓடும்வரைதான் டிக்கை (கெர்னலின் சீரான நேரத் துடிப்பு) நிறுத்தும். இன்டரப்ட்களை (சாதனங்கள் ப்ராசசரை இடைமறிக்கும் அழைப்புகள்) கோர்களுக்குள் பகிர்ந்துவிடும் ஐஆர்கியூ-பேலன்ஸை நிறுத்தி, அவற்றை மற்ற கோர்களுக்குத் திருப்பிவிடுங்கள். நிரலின் நினைவகத்தை ராமிலேயே பூட்டிவைக்கும் எம்லாக்-ஆல் அழைப்பு நிரலில் அவசியம். இல்லாவிட்டால் பேஜ் ஃபால்ட் (தேவைப்படும் நினைவகப் பக்கம் தயாராக இல்லாத நிலை) தாமதம் தனியாக வரும்.

லினக்ஸை ரியல்டைமுக்கு ஏற்றதாக்கும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி 2024-ல் 6.12 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. எக்ஸ்86-க்குத் தனி பேட்ச் தேவையில்லை, ஆனால் கெர்னல் அமைப்பில் அதை இயக்கியிருக்க வேண்டும். அதில் இன்டரப்ட்களைக் கவனிக்கும் த்ரெட்களின் முன்னுரிமை இயல்பாக 50 (எண் கூடினால் முன்னுரிமையும் கூடும்). நெட்வொர்க் பாக்கெட்டுக்காக முன்னுரிமை 80-ல் விடாமல் சுற்றும் நிரலும், அந்தப் பாக்கெட்டைக் கொண்டுவரும் இன்டரப்ட் த்ரெடும் ஒரே கோரில் இருந்தால் பாக்கெட் வரவே வராது. முன்னுரிமை 99 கொடுக்கும் ஆசையே வேண்டாம். வேலைகளைக் கோர் விட்டுக் கோர் நகர்த்தும் கெர்னலின் மைக்ரேஷன் த்ரெட்கள் இருக்கும் இடம் அது.

இத்தனைக்கும் முன்னால், எஸ்எம்ஐ போன்ற வன்பொருள் தாமதங்களைக் கண்டுபிடிக்கும் ஹெச்டபிள்யூலாட்-டிடெக்ட் கருவியை ஓட்டிப் பாருங்கள். எஸ்எம்ஐ என்பது ஃபர்ம்வேர் கெர்னலுக்குத் தெரியாமலே ப்ராசசரைப் பறித்துக்கொள்ளும் இன்டரப்ட். அந்தக் கருவியில் பெரிய எண் வந்தால் கெர்னல் ஆப்ஷன் எதுவும் உதவாது; பயாஸில் மின்சிக்கன அமைப்புகளை அணைத்துப் பார்க்கலாம், அல்லது வேறு மதர்போர்டுதான்.