மிளகுக்கு அரை மாத்திரை

தையல் மெஷினுக்கு அடியில் நான்கு அரை மாத்திரைகள் கிடந்தன. உருண்டு போன பாபினைத் தேடிக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டன. காலண்டரில் ‘கொடுத்தாச்சு’ என்று நான் டிக் அடித்திருந்த நாட்கள் ஐந்து. ஆக, எங்கள் நாய் மிளகின் வயிற்றுக்குள் போனது ஒன்றே ஒன்று. அதுவும் சந்தேகம்தான், கட்டிலுக்கு அடியில் இன்னும் தேடவில்லை.

மிளகு பொமேரியன் கலப்பு, ஐந்து கிலோ. எங்கள் குன்னூரை ஒட்டிய வெலிங்டன் பக்கம் குடியிருந்த ஒரு குடும்பம் மாற்றலாகிப் போகும்போது “ஒரு வாரம் வச்சுக்குங்க” என்று விட்டுப் போனது. இரண்டு வருஷம் ஆகிறது. குடையை விரித்தால் நடுங்குவாள். தகரக் கூரையில் குரங்கு குதித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். காட்டெருமை வேலியோரம் வந்து நின்றால் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அது என்ன கணக்கோ.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், தைத்துக்கொண்டிருந்த பிளவுஸ் லைனிங்கில் சிவப்புப் பொட்டு ஒன்று. ஊசி குத்திவிட்டதென்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரத்தம் என்னுடையது இல்லை. காலடியில் படுத்திருந்தவளைத் தூக்கி மடியில் வைத்திருந்தேனே, அவள் மூக்கிலிருந்து. ஈறு வெளுத்துக் கிடந்தது. இரண்டு நாளாகச் சாப்பாட்டில் வாய் வைக்காததைக் குளிர் என்று நினைத்துவிட்டேன்.

கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, உண்ணிக் காய்ச்சல் என்றார். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்கள் 42 ஆயிரம், 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. குன்னூர் குளிரில் உண்ணி எங்கே வரும் என்று கேட்டேன். நாய் உண்ணி வெளிக்குளிரில் இருப்பதில்லை, நம் வீட்டுச் சுவர் வெடிப்பில்தான் குடியிருக்கும் என்றார். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, தினம் ஒரு வேளை, 28 நாள். வெறும் வயிற்றில் கூடாது. பால், தயிர், பனீரோடு கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சரியாகச் சேராது. விழுங்கியதும் தண்ணீர் கட்டாயம், இல்லையென்றால் உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. இட்லிக்குள் வைத்தேன், இட்லியைத் தின்று மாத்திரையைத் துப்பினாள். வர்க்கிக்குள் செருகினேன்; அது உதிர்ந்து மாத்திரை தனியாக விழுந்தது. ராகிக் களியில் உருட்டலாம் என்றார் அப்பா. ராகியில்தான் சுண்ணாம்புச் சத்து கொட்டிக் கிடக்கிறதே! வழவழவென்று ஒட்டிக்கொள்கிற எதையும் கொடுக்க முடியாதபடி யாரோ திட்டம் போட்டது போல இருந்தது. பாதியாக உடைத்த மாத்திரைக்கு உடைந்த பக்கம் கசப்பு அதிகம் வேறு. நாலாம் நாள் இட்லி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருந்தும் போகவில்லை, சோறும் நின்றது.

இந்த நிலையில்தான் அந்த நான்கு பாதிகளைப் பார்த்தேன். கோபம் வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து முன்னங்காலைப் பிடித்து இழுத்து வாயைத் திறக்கப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் கடித்துவிட்டாள். கடித்தவள் அங்கேயே மூத்திரம் பெய்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க வேண்டாம்.

தடுப்பூசி போட்ட நாய்தான். ஆனாலும் ஆஸ்பத்திரியில் விடவில்லை: இன்றைக்கு, 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு முறை ஊசிக்கு வரச் சொன்னார்கள். சிம்ஸ் பார்க் பக்கத்தில் 1907-லேயே வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யத் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிற ஊர். இங்கே நாய்க்கடியை லேசாக எடுத்துக்கொள்ள யாருக்கும் மனசு வராது. கால்நடை டாக்டரும் அன்றிலிருந்தே எண்ணிக்கையை மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டார். அப்பா காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டார். “அவளுக்கு முடியுற மறுநாள் உனக்குக் கடைசி ஊசி, பாப்பா. ரெண்டு பேரும் ஒண்ணாப் போங்க.”

அன்றைக்குக் கால்நடை டாக்டர் என் கையைப் பார்த்து, “என்னம்மா வாசம் இது?” என்றார். நீலகிரித் தைலம். சளிக்காகத் தினம் காலையில் மூக்கிலும் கழுத்திலும் தடவிக்கொள்கிறவள் நான். அதே விரலால்தான் மாத்திரையை இட்லிக்குள் அமுக்கியிருக்கிறேன்! மாத்திரை வாசத்தை மறைக்கப் போய், அதைவிடப் பெரிய வாசத்தைப் பூசிக் கொடுத்திருக்கிறேன். நாய் நக்கினால் அந்தத் தைலம் விஷம் என்று அவர் சொன்னபோது ஊசி போட்ட கையைவிட வயிறு வலித்தது.

மறுநாளிலிருந்து வேலை அப்பாவுடையது. எஸ்டேட் ஃபேக்டரியில் முப்பது வருஷம் தேயிலை உலர்த்தியவர், எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டார். முதலில் மாத்திரை அட்டையை ஒழித்தார். அது நசுங்கும் சத்தம் கேட்டுத்தான் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். பாதிகளை உடைத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்தார். காலை ஏழு மணிக்குச் சுவரில் சாய்ந்து தரையில் பக்கவாட்டில் உட்காருவார். அவளுக்கு நேராகக் குனிவதில்லை, கூப்பிடுவதும் இல்லை. கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து மூன்று துண்டு. முதல் துண்டு வெறும் ஈரல். இரண்டாவதில் மாத்திரை. அது வாயில் இருக்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு நேரே நீட்டுவார். அதன் மேல் ஆசையில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடுவாள். நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கினால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீர், கடைவாய்ப் பக்கமாக, சொட்டுச் சொட்டாக. தொண்டைக்கு நேரே பீய்ச்சினால் புரையேறிவிடும்.

முதல் மூன்று நாள் ஒரு மணி நேரம் ஆனது. அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார், கால் மரத்துப்போக. பத்தாம் நாளுக்குள் ஐந்து நிமிஷம். அதற்கப்புறம் தன் பிரஷர் மாத்திரையையும் அங்கேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டார். “நீ ஒண்ணு, நான் ஒண்ணு கண்ணு” என்பார். நான் அந்த நேரத்தில் அடுப்படியை விட்டு வரக் கூடாது என்று உத்தரவு. கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

28 முடிந்தது. பிளேட்லெட் 2 லட்சத்து 10 ஆயிரம். மறுநாள் கடைசி ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து, தைலம் தடவாத கையால் ஒரு துண்டு ஈரலை நானே நீட்டினேன். வாங்கினாள். தரையில் துப்பினாள். பல்லால் இரண்டாகப் பிய்த்து உள்ளே மூக்கை வைத்து நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் தின்றாள்.