கார்பன்-14 என்னை படுத்துற பாடு

பீட்டா டீகே (நியூக்ளியஸ்ல ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறி, எலக்ட்ரானையும் நியூட்ரினோவையும் வெளிய தள்ளுறது) கணக்கு போடுறேன்னு சொன்னா, அதான் இயற்பியலாளர் ஃபெர்மி 1934லயே முடிச்சிட்டாரேம்பாங்க. வெளிய பறக்கிற எலக்ட்ரான், நியூட்ரினோ பக்கம் சரி, அது சுலபம். நியூக்ளியஸுக்கு உள்ள என்ன நடக்குதுங்கிறதுல தான் தாவு தீருது.

ஹீலியம்-6 எடுத்துக்கோங்க, அரை ஆயுள் 0.8 செகண்ட். கார்பன்-14க்கு ஏறக்குறைய 5700 வருஷம். ரெண்டுமே ஸ்பின் 0ல இருந்து 1க்கு, பாரிட்டி (கண்ணாடி பிம்பமா திருப்பினா குறி மாறுதாங்கிறது) மாறாம போற காமோவ்-டெல்லர் தாவல் தான், அதாவது ஸ்பின்னையும் திருப்பக்கூடிய பீட்டா டீகே வகை. எனர்ஜி வித்தியாசம்னு சொல்லலாம், ஹீலியத்துக்கு 3.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்குது, கார்பனுக்கு வெறும் 156 ஆயிரம். ஆனா அதையெல்லாம் கழிச்சுட்டு லாக் எஃப்டி (எனர்ஜி பாதிப்பை நீக்கின அரை ஆயுளோட லாகரிதம்) பாத்தாலும் 2.9 எங்க, 9 எங்க, பத்து லட்சம் மடங்கு இடிக்குது!

ஷெல் மாடல்ல (புரோட்டானும் நியூட்ரானும் அடுக்கடுக்கான ஆர்பிட்டல்ல இருக்கிறதா வெச்சு போடுற கணக்கு) என்ன ஆகுதுன்னா, காமோவ்-டெல்லர் ஆபரேட்டர் ஸ்பின்னை மட்டும் தான் தொடும், ஆர்பிட்டல் பக்கம் போகவே போகாது. அதனால (மொத்த ஆர்பிட்டல் சுழற்சி 0ன்னா எஸ், 1ன்னா பி) எஸ்ல இருந்து எஸ்ஸுக்கு ஒரு பங்கு, பியில இருந்து பிக்கு ஒரு பங்கு, அவ்ளோ தான். கார்பன்-14ல இந்த ரெண்டும் எதிரெதிர் குறியோட வந்து ஒண்ணையொண்ணு அடிச்சிடுது. என் அவுட்புட் ஃபைல்ல அந்த ரெண்டு நம்பரும் அடுத்தடுத்த வரியில இருக்கும், தனித்தனியா பாத்தா ஒண்ணும் சின்ன நம்பர் இல்ல, கூட்டினா தான் ஒண்ணுமில்லாம போகுது. டென்சார் விசையை (ஸ்பின்கள் எந்த திசையில நிக்குதுங்கிறதை பொறுத்து மாறுற நியூக்ளியர் விசை) லேசா குறைச்சேன், அரை ஆயுள் வருஷக்கணக்குல இருந்து நாள்கணக்குக்கு விழுந்துடுச்சு.

வழக்கமா காமோவ்-டெல்லர் கணக்கு அளந்த மதிப்பை விட அதிகமா வந்தா 0.75ஆல பெருக்கி சமாளிப்பாங்க (அந்த 0.75 எங்கிருந்து வருதுங்கிறதுக்கே 2019ல தான் உருப்படியான விளக்கம் வந்துச்சு, நியூக்ளியான்கள் (புரோட்டான், நியூட்ரான்) ஜோடியா சேந்து பண்ற வேலையையும் கணக்குல எடுக்கணுமாம்). இங்க அந்த வித்தை எடுபடாது, ஸ்கொயர் பண்ணா பாதிக்கு பக்கமா குறையும், நமக்கு வேண்டியது லட்சக்கணக்கு. 2011ல ஜாகுவார் சூப்பர் கம்ப்யூட்டர்ல மூணு நியூக்ளியான் விசையையும் சேத்து ஓட்டி தான் இந்த கேன்சலேஷனை பிடிச்சாங்க. என்கிட்ட இருக்கிறது சின்ன கம்ப்யூட்டர் புரோகிராம், திருகுறதுக்கு நாலு பாராமீட்டர்.

நேத்து ராத்திரி விடை 5700 பக்கத்துல வந்துச்சு, குதிச்சேன். அப்புறம் அதே செட்டிங்ல, கார்பன்-14 சிதைஞ்சு உண்டாகுற நைட்ரஜன்-14ஓட எனர்ஜி லெவல்களை எடுத்து பாத்தா எல்லாம் இடம் மாறி கிடக்கு. ஃபைலை டெலீட் பண்ணிட்டு பழைய டென்சாரையே திரும்ப போட்டிருக்கேன்.