சுறாப்புட்டும் நஞ்சுக்கொடியும்

பிரசவம் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் ஆச்சி சுறாப்புட்டு செய்தாள். விடிவதற்கு முன்பே மாமாவைத் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்கு விரட்டி, முழங்கை நீளத்தில் இரண்டு பால் சுறா வாங்கிவர வைத்தாள். மஞ்சள் போட்ட தண்ணீரில் அவித்து, சொரசொரப்பான தோலைச் சுரண்டி, சதையை உதிர்த்துத் துணியில் பிழிந்து, கை நிறையப் பூண்டும் சின்ன வெங்காயமும் வதக்கிப் போட்டுக் கிளறினாள். வாசனை தெருமுனை வரை போயிருக்கும். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படித்துவிட்டு என்னைப் பெரிய விவரக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அன்று இரவு இரண்டரை மணி. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் போன். பால் கொடுக்கும்போது கண் சொருகிவிடாமல் இருக்க எதையாவது படிப்பது வழக்கம். பிள்ளை பெற்றவள் என்ன மீன் சாப்பிடலாம் என்று தேடினேன். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பட்டியல் ஒன்று கண்ணில் பட்டது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தொடவே கூடாத மீன்கள் என்று ஏழு பெயர்கள். அதில் சுறா.

முதலில் சிரிப்பு வந்தது. பால் ஊற வேண்டும் என்று நம் ஊரில் தேடித் தேடி வாங்கிக் கொடுக்கும் மீன் அல்லவா அது! அப்புறம் வயிற்றைக் கலக்கியது.

காரணம் பாதரசம். அவர்கள் அளந்து பார்த்ததில் சுறாவில் சராசரியாகக் கிலோவுக்கு 0.979 மில்லிகிராம் இருந்திருக்கிறது. சாளையில், அதாவது சென்னைக்காரர்கள் மத்தி என்கிறார்களே அதில், 0.013. அந்த நேரத்திலும் வகுத்துப் பார்த்தேன். 75 மடங்கு.

ஒரே உப்புத் தண்ணீர், ஏன் இத்தனை வித்தியாசம்? நிலக்கரி எரியும்போதும், சிறு சுரங்கங்களில் தங்கத்தைப் பாதரசத்தோடு சேர்த்துப் பிரிக்கும்போதும் பாதரசம் காற்றில் ஏறுகிறது. மழையோடு இறங்குகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. வினை அங்கேதான் ஆரம்பம். நுண்ணுயிர் தின்றதைச் சாளை தின்கிறது, சாளையைச் சூரை தின்கிறது, சூரையைப் பெரிய சுறா தின்கிறது. உள்ளே போனது லேசில் வெளியே வருவதில்லை. கந்துவட்டி மாதிரி ஒவ்வொரு படியிலும் ஏறிக்கொண்டே போகிறது. சாளை இரண்டொரு வருடத்தில் கணக்கு முடிந்துவிடுகிற உயிர். பெரிய சுறாவோ இருபது வருடம் கூட மற்ற மீன்களின் கணக்கையெல்லாம் தன் உடம்பில் எழுதிக்கொண்டு திரியும். கொழுப்பில் தங்கும் நஞ்சென்றால் கொழுப்பைக் கழித்துவிடலாம். இது தசையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வது. ஆச்சி அவித்துப் பிழிந்த தண்ணீரில் போயிருக்காதா என்று ஒரு நப்பாசை இருந்தது. போகாது.

தொடர்ந்து படித்ததில் மினமாட்டா வந்தது. ஜப்பானில் குமமோட்டோ மாகாணத்துக் கடற்கரை ஊர். சிஸோ என்ற ரசாயன ஆலையின் பாதரசக் கழிவு வளைகுடாவில் கலந்தது. 1950களில் ஊர்ப் பூனைகள் வெறிபிடித்தாற்போல் சுழன்று கடலில் விழுந்து செத்தன. காகங்கள் பறக்க முடியாமல் விழுந்தன. மனிதர்களுக்கு வந்த நோய் 1956 மே 1ஆம் தேதிதான் கணக்கில் ஏறியது. அதற்குப் பிறகும் 1968 வரை கழிவு போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடம்!

அங்கே சில தாய்மார்களுக்கு வெளியே தெரிகிற நோய் பெரிதாக ஒன்றுமில்லை. பிறந்த பிள்ளைகளுக்குத்தான் தலை நிற்கவில்லை, பேச்சு வரவில்லை. நஞ்சு எதையும் பிள்ளைக்குப் போகவிடாமல் நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்று அன்றைய மருத்துவம் நம்பிக்கொண்டிருந்தது. மெத்தில் பாதரசத்தை அது தடுப்பதில்லை, தாராளமாக உள்ளே விடுகிறது. தொப்புள்கொடி ரத்தத்தில் அதன் அளவு தாயின் ரத்தத்தில் இருப்பதைப் போல் சுமார் 1.7 மடங்கு. தமிழில் நஞ்சுக்கொடிக்கு ஏன் அந்தப் பெயர் என்று அந்த இருட்டில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதை எப்படி நிரூபித்தார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஜப்பானிலும் பிள்ளையின் தொப்புள்கொடித் துண்டைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவார்களாம். மசசுமி ஹராடா என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் வீடுகளில் இருந்த அந்தக் காய்ந்த துண்டுகளை வாங்கி, எந்த வருடம் பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு பாதரசம் என்று அளந்துவிட்டார்கள். என் மகளுடைய கொடி ஒன்பதாம் நாள் விழுந்தது. ஆச்சி அதை வெள்ளித் தாயத்தில் அடைப்பதற்காக மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைத்திருக்கிறாள். எனக்கு நாலடி தூரத்தில்.

மறுநாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் உப்பளப் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர். "பறவைகள் நம்மைவிடக் கெட்டி" என்றார். முளைக்கிற இறகு ரத்தத்திலிருக்கும் பாதரசத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. இறகு உதிரும்போது அதுவும் போகிறது. சுவீடனில் 1960களில் அருங்காட்சியகங்களில் பாடம் பண்ணி வைத்திருந்த பழைய பறவைகளின் இறகுகளை அளந்தார்கள். நெடுங்காலம் அதிகம் மாறாமலிருந்த அளவு 1940களில் குபீரென்று ஏறியிருந்தது. விதையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பூசிய பாதரச மருந்துதான் காரணம். 1966இல் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். பனிக்காலத்தில் நம் உப்பளங்களுக்கு வரும் விராலடிப்பானும் மீனை மட்டுமே தின்று வாழ்வதுதான். அதுவும் இறகில்தான் கணக்கு எழுதும். இன்னொரு வழியும் உண்டு என்றார். பெண் பறவை தன் பாரத்தில் ஒரு பங்கை முட்டையில் இறக்கிவிடும். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

உண்மையில் நான் பயந்திருக்க வேண்டியது புட்டுக்காக இல்லை. தாய்ப்பாலில் மெத்தில் பாதரசம் குறைவாகத்தான் வருகிறது. வயிற்றில் இருக்கும்போது போவதுதான் அதிகம். அந்த ஒன்பது மாதமும் சென்னையில் ஞாயிறு தவறாமல் வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டவள் நான். எங்கள் ஊரில் அதைச் சீலா என்போம், சென்னையில் சீலா என்று கேட்டால் வேறொன்றைத் தருவார்கள், அது தனிக் கதை. அந்த ஏழு பெயர்களில் உள்ள கிங் மேக்கரல் அட்லாண்டிக் பக்கத்து இனம். வஞ்சிரம் அதற்குப் பங்காளி முறை. இதுவும் வேட்டையாடித் தின்று ஒரு மீட்டருக்கு மேல் வளர்வதுதான். "மீன் நல்லா சாப்பிடுங்க" என்று மாதாமாதம் சொன்ன மருத்துவர் எந்த மீன் என்று ஒருமுறை கூடச் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. மீனை அடியோடு விடு என்று அந்த அமெரிக்கப் பட்டியல் கூடச் சொல்லவில்லை, பாதரசம் குறைந்த மீனாகப் பார்த்து வாரம் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடச் சொல்கிறது. மெத்தில் பாதரசம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகும் என்று படித்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆச்சியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னதும் கோபப்படுவாள் என்று பார்த்தால், வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி, பெரிய சுறாவ எவ பிள்ளைப் பெத்தவளுக்குக் குடுப்பா? குட்டியாப் பாத்துல்லா வாங்கியாரச் சொன்னேன்." சரிதான். குட்டிச் சுறாவுக்குச் சேர்த்துவைக்க எத்தனை வருடம் கிடைத்திருக்கும்? "ஒனக்கு மனசு கேக்கலன்னா விடு. காரல் போட்டு அவியல் வைக்கேன். அதுவும் பால் ஊறும்."

காரல் உள்ளங்கை அளவு கூட இல்லாத மீன். அன்றிலிருந்து பூண்டும் மிளகும் அரைத்துவிட்ட காரல் அவியல்தான். முள்ளெடுத்துத் தின்பதற்குள் பிள்ளை விழித்துவிடுகிறாள்.

அடுத்த மாதம் திருச்செந்தூரில் மகளுக்கு முடியிறக்குகிறோம். முடியும் இறகு மாதிரிதான், பாதரசத்தைக் காட்டிக்கொடுக்கும். கருவிலேயே வளர்ந்த முடி அல்லவா, ஒரு கொத்து எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று ஆச்சியிடம் கேட்டேன்.

"முருகனுக்குன்னு நேந்ததுல பங்கு கேக்காதட்டி" என்றாள்.