புத்தகம் பார்த்து எழுதும் தேர்வில் பெயிலான கதை

சட்டம் படித்தவர்கள் வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வை நான் இரண்டாவது முறைதான் பாஸ் செய்தேன். முதல் முறை, 2023 டிசம்பரில், இரண்டே மார்க்கில் போனது. "புக்கைப் பாத்து எழுதுற பரீட்சைல எப்படிம்மா பெயிலான?" என்று எங்கள் ஆபீஸ் குமாஸ்தா அண்ணன் கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மனிதர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அதற்கு முந்தைய தேர்வு வரை பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 40 சதவீதம் போதும். என் முறை வந்தபோது அது 45 ஆகிவிட்டது. பழைய கணக்கில் நான் பாஸ். இதைச் சொல்லி நான் அழுதபோது வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விண்ணப்பம், ஹால் டிக்கெட் எல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் முடிந்தன. சிக்கல் தேர்வு மையத்தின் வாசலில் ஆரம்பித்தது. இரண்டு பை நிறைய புத்தகம் கொண்டுபோயிருந்தேன், மொத்தம் ஒன்பது. பேர் ஆக்ட், அதாவது சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகம்தான் அனுமதி, விளக்கவுரையோ குறிப்போ இருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எல்லாவற்றையும் பேர் ஆக்ட்டாகவே வாங்கியிருந்தேன். அதில் பென்சிலால் ஓரக்குறிப்பு எழுதி வைத்திருந்தேன் என்பதுதான் விஷயம். எழுதினேன் என்றால் சும்மா இல்லை, சி.பி.சி.யில் (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) பக்கத்துக்குப் பத்து வரி.

மேற்பார்வையாளர் புத்தகத்தைப் புரட்டினார். "என்னம்மா இது, ஓரமெல்லாம் எழுதியிருக்கு?"

"பென்சில்தான் சார்."

"பென்சில்ல எழுதினா எழுத்து இல்லையா?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சி.பி.சி., சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்), சாட்சியச் சட்டம், அரசியல் சாசனம், ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) என ஐந்தும் வெளியே போயின. தங்கியவை நான்கு. அந்த நான்கில் ஒன்று கம்பெனி சட்டம். அது பளிச்சென்று சுத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பாடத்தை நான் கைடில்தான் படித்தேன். இரண்டு வாரம் படித்தேன். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் 470 பிரிவுகள். பார் தேர்வில் அந்தப் பாடத்துக்கு மார்க் எத்தனை தெரியுமா? இரண்டு.

புத்தகம் போனதால்தான் பெயிலானேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை அதுவல்ல. உள்ளே கொண்டுபோன புத்தகத்தை வைத்தும் நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஒப்பந்தச் சட்டத்திலிருந்து ஒரு கேள்வி. விடை இந்தப் புத்தகத்தில் இருக்கிறது, இடது பக்கத்தில், கீழ்ப் பாதியில் என்பது வரை ஞாபகம் வருகிறது, பிரிவு எண் வரவில்லை. புரட்டினேன், புரட்டினேன். கண்டுபிடித்து நிமிர்ந்தால் சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் போயிருந்தது. இப்படி ஒரு பத்துக் கேள்விக்குச் செய்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். ஓடியது. மணி அடித்தபோது 11 கேள்விகளைத் தொடவே இல்லை.

இந்தத் தேர்வில் நெகட்டிவ் மார்க் கிடையாது. அந்த 11ஐயும் கண்ணை மூடிக்கொண்டு ஷேட் செய்திருந்தால்கூட நான்குக்கு ஒன்று என்று இரண்டு மூன்று தேறியிருக்கும். எனக்குக் குறைவாக இருந்த மார்க்கும் இரண்டுதான். இதை நினைத்து எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தேன் என்று கேட்காதீர்கள்.

ரிசல்ட் வந்த அன்று சீனியர் ஒன்றும் திட்டவில்லை. என் சி.பி.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, ஓரக்குறிப்புகளை ஒரு நிமிடம் பார்த்தார். "நீ செக்‌ஷனைப் படிக்கிறியா, செக்‌ஷனுக்குப் பக்கத்துல நீ எழுதினதைப் படிக்கிறியா?" என்றார்.

சுருக்கென்றது. ஏனென்றால் இது பழைய வியாதி. சட்டக் கல்லூரியில் எனக்கு ஒரே ஒரு அரியர் விழுந்தது, அது சி.பி.சி.யில். அரசுக்கு எதிராக வழக்குப் போடும் முன் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று கைடு சொன்னது. தேர்வில், நாளைக் காலை வீட்டை இடிக்க வருகிறார்கள், நோட்டீஸ் கொடுக்க நேரமில்லை, என்ன செய்வது என்ற மாதிரி ஒரு பிரச்சினைக் கேள்வி. நான் மூன்று பக்கம் அழகான கையெழுத்தில், நோட்டீஸ் இல்லாமல் வழக்கு நிற்காது என்று எழுதினேன். அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, அவசர நிவாரணம் தேவைப்பட்டால் நீதிமன்றத்தின் அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலே வழக்குப் போடலாம் என்கிறது. ஆனால் அரசுத் தரப்புக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் நிவாரணம் வழங்கக் கூடாது. இரண்டும் புத்தகத்தில் நாலு வரி. கைடில் அது இல்லை, என் தலையிலும் இல்லை.

இப்போது படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிரிவைப் படிக்கும்போது 'மற்றும்', 'அல்லது', 'எனினும்' வரும் இடங்களில் நில்லுங்கள். 'ப்ரொவைசோ' (விதிவிலக்கோ நிபந்தனையோ சொல்லும் வரி) வந்தால் இரண்டு முறை நில்லுங்கள். பிரச்சினைக் கேள்வி எழுதுகிறவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். விடை எழுதும்போது முதலில் சட்டப் பிரச்சினை என்ன என்று ஒரு வரி, அதற்கான விதி, அந்த விதி இந்தச் சம்பவத்துக்கு எப்படிப் பொருந்துகிறது, பிறகு முடிவு. எல்லா வகுப்பிலும் சொல்லித் தருவதுதான். ஆனால் நம்மில் பாதிப் பேர் விதியை எழுதிவிட்டு முடிவுக்குத் தாவிவிடுகிறோம், நடுவில் இருப்பதற்குத்தான் மார்க்.

சரி, இரண்டாவது முறைக்கு வருகிறேன். எங்கள் கோர்ட்டில் ஒரு கூட்டம் எப்போதும் சொல்லும், "இந்தப் பரீட்சையை எப்படியும் ரத்து பண்ணிடுவாங்க, படிக்காதே" என்று. 2023 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்தத் தேர்வு செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்தக் கூட்டத்தை நம்பாதீர்கள். தற்காலிகமாக என்ரோல் ஆன (வழக்கறிஞராகப் பதிவான) நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் பாஸ் செய்ய வேண்டும் என்ற கத்தி என் தலைக்கு மேல் தொங்கியது, அவர்கள் தலைக்கு மேல் இல்லை.

முதலில் ஒரு கணக்குப் போட்டேன். 100 கேள்வி, மூன்றரை மணி நேரம், அதாவது 210 நிமிடம். கேள்விக்கு இரண்டு நிமிடம் சொச்சம். புத்தகம் திறக்காமல் 70 கேள்வியை நிமிடத்துக்கு ஒன்றாகப் போட்டால் மிச்சம் 140 நிமிடம், 30 கேள்விக்குத் தலா நாலரை நிமிடம். அந்த 30க்கு மட்டும்தான் புத்தகம். ஆக, புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுக்குப் புத்தகம் இல்லாமல்தான் படிக்க வேண்டும். எனக்கு இது புரிய ஒரு வருடமும் இன்னொரு முறை கட்டிய முழுக் கட்டணமும் ஆயிற்று.

அப்புறம் மார்க் பங்கீடு. அரசியல் சாசனம், சி.பி.சி., குற்றவியல் நடைமுறை மூன்றுக்கும் தலா 10. தண்டனைச் சட்டம், சாட்சியம், குடும்பச் சட்டம், ஒப்பந்தம்–சொத்து வகையறா நான்குக்கும் தலா 8. ஏழு பாடத்திலேயே 62 மார்க். வழக்கறிஞர் தொழில்நெறிக்கு 4, அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை: வழக்கறிஞர் சட்டத்தில் 24, 30, 35, 37, 38, 49 ஆகிய பிரிவுகளைச் சுற்றியே பெரும்பாலும் நடக்கிறது. கம்பெனி, சுற்றுச்சூழல், சைபர், நிலம் கையகப்படுத்தல், அறிவுசார் சொத்துரிமை எல்லாம் தலா 2. இவற்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினேன். கம்பெனி சட்டத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அதைத் திறக்கவே இல்லை.

கோர்ட் முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம். கையெழுத்துக் குறிப்புகளை விட்டேன். பழைய காஸ் லிஸ்ட் (கோர்ட்டின் அன்றாட வழக்குப் பட்டியல்) தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒரு மடிப்பில் பிரிவின் எண், மறுமடிப்பில் விஷயம். எண்ணைப் பார்த்து விஷயத்தை வாய்விட்டுச் சொல்வது, விஷயத்தைப் பார்த்து எண்ணைச் சொல்வது. சொல்ல வராத சீட்டு சட்டைப்பைக்குப் போகும்; மறுநாள் வாய்தாவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வெளியே வரும். படித்ததைத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடிவைத்துச் சொல்லிப் பார்த்தால்தான் குட்டு உடையும். எனக்குத் தினமும் உடைந்தது.

அந்த வருடம் இன்னொரு சோதனையும் வந்தது. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. ஐ.பி.சி. போய் பி.என்.எஸ்., சி.ஆர்.பி.சி. போய் பி.என்.எஸ்.எஸ்., சாட்சியச் சட்டம் போய் பி.எஸ்.ஏ. தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவு 358 ஆகிவிட்டது. கல்லூரியில் மனப்பாடம் செய்தது எல்லாம் வேறு எண். புதிய எண்ணைக் கற்பது கஷ்டமில்லை. பழைய எண் வாயிலிருந்து போகாததுதான் கஷ்டம். கொலைக்குத் தண்டனை முன்பு 302, இப்போது 103. ஆனால் பி.என்.எஸ்.ஸிலும் 302 என்று ஒரு பிரிவு இருக்கிறது, அது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு பற்றியது. மாதிரித் தேர்வில் 302ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன்.

அதைவிடக் குழி 482. சி.ஆர்.பி.சி.யில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். பி.என்.எஸ்.எஸ்.ஸில் 482 முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528க்குப் போய்விட்டது. 173 முன்பு போலீஸின் இறுதி அறிக்கை, இப்போது எஃப்.ஐ.ஆர்.; இறுதி அறிக்கை 193. இந்த மாதிரி இடம் மாறி உட்கார்ந்த எண்களுக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு போட்டேன். 'ஏமாற்று நோட்டு' என்று பெயர். மொத்தமே நாலு பக்கம்தான், ஆனால் எனக்கு அதிகம் உதவியது அதுதான்.

பேர் ஆக்ட்டைப் பழக்கப்படுத்தியதும் இப்போதுதான். முன்பக்கத்தில் பிரிவுகளின் பட்டியல் இருக்குமே, அதை மட்டும் பத்து நிமிடம் பார்ப்பேன். பிறகு தம்பியிடம் கடிகாரத்தைக் கொடுத்து, "மரண வாக்குமூலம்" என்று அவன் சொன்னதும் நான் பி.எஸ்.ஏ.வில் 26ஐத் திறக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒன்றரை நிமிடம் ஆனது, தேர்வுக்கு முன் இருபது நொடிக்குள் வந்துவிட்டேன். அவன் எட்டாவது படிக்கிறான். இப்போது வீட்டில் சண்டை வந்தால் பிரிவு எண் சொல்லித்தான் திட்டுகிறான்.

புத்தகங்களைப் புதிதாக வாங்கினேன். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. ஆனால் பக்க அடையாளத்துக்கு வண்ண ஒட்டுச் சீட்டுகள் ஒட்டியிருந்தேன். 2024 டிசம்பரில் வாசலில் அதையும் பிய்க்கச் சொன்னார்கள். போன முறை மாதிரி கை நடுங்கவில்லை. நின்று ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன். ஆகவே ஒட்டாதீர்கள். அதை நம்பித் தயாராகாதீர்கள்.

உள்ளே ஒரே ஒரு விபத்து. தெரியாத கேள்வி ஒன்றைத் தாண்டினேன், ஓ.எம்.ஆர். தாளில் தாண்ட மறந்தேன். மூன்று வட்டம் தவறான வரிசையில் போன பிறகுதான் கண்ணில் பட்டது. பேனாவால் ஷேட் செய்தது, அழிக்க வழியில்லை. மூன்றும் போச்சு என்று விட்டுவிட்டு மேலே போனேன். அதன் பிறகு ஐந்து கேள்விக்கு ஒரு முறை எண்ணைச் சரிபார்த்தேன். புத்தகம் திறந்தது மொத்தம் 26 முறை. மணி அடிக்கும்போது ஒரு வட்டம்கூடக் காலியாக இல்லை.

மார்ச்சில் ரிசல்ட். பாஸ். எத்தனை மார்க் என்று சொல்ல மாட்டேன், 45க்கு நல்ல தூரம் மேலே.

ஒன்று மட்டும் விட்டுப்போனது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இறுதியாண்டு மாணவர்களையும் இந்தத் தேர்வு எழுத அனுமதித்தார்கள். கல்லூரியில் இருப்பவர்கள் வாய்ப்பு வந்தால் அப்போதே எழுதிவிடுங்கள். கோர்ட்டுக்கு வந்த பிறகு படிக்க நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வந்த ஜூனியர் என் பழைய சி.பி.சி.யைக் கேட்டாள். ரப்பர் வைத்துப் பாதிப் புத்தகத்தை அழித்துவிட்டேன். 80ஆம் பிரிவு இருக்கும் பக்கத்தில் மட்டும் அழுத்தி எழுதிய தடம் போகவில்லை.

"பரவால்லக்கா, குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள். தேர்வுக்கு வேறு புத்தகம் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.